பிள்ளைகள் மைக் பிடிக்கும் முன்: ஒரு படிப்பகத்து அக்காவின் குறிப்புகள்

வட சென்னை வியாசர்பாடியில் சாயங்கால நேரப் படிப்பகம் ஒன்று நடத்துகிறேன். ஆறாவது முதல் பத்தாவது வரை படிக்கிற பிள்ளைகள் வருகிறார்கள். எங்களை மரியாதையாக நடத்துங்கள் என்று அவர்களே நோட்டீஸ் எழுதி, பாட்டுக் கட்டி, தெருமுனையில் நின்று கேட்டார்கள். அதைக் கேள்விப்பட்டு, வேறு ஏரியாக்களில் டியூஷனும் நூலகமும் நடத்துகிற சிலர் "எப்படிச் செஞ்சீங்க, எங்க பிள்ளைங்களும் கேக்குறாங்க" என்று விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை விட எழுதிவிடுவது சுலபம்.

இது பெரியவர்களுக்கான குறிப்பு. கோஷம் போடப் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. எழுத்து வேலை, அனுமதி, மறுநாள் காலையில் அவர்களுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வது, இவைதான் நம் பங்கு. கோரிக்கையில் கை வைப்பது நம் வேலை இல்லை. இதை முதலிலேயே மனசில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் கை பரபரக்கும்.

கோரிக்கை எங்கிருந்து வரும்

"உங்களுக்கு என்ன பிரச்சினை, சொல்லுங்க" என்று வட்டமாக உட்காரவைத்துக் கேட்டால் ஒன்றும் வராது. பெரிய பையன்கள் நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். துண்டுச் சீட்டு கொடுங்கள். பேர் எழுத வேண்டாம், எழுத்துப் பிழை பார்க்க மாட்டோம் என்று சொல்லுங்கள். மடித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போடட்டும். ஒரே நாளில் முடிக்காமல் டப்பாவை ஒரு வாரம் மூலையில் வைத்திருங்கள். முதல் நாள் வருவதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டி பாணியில் இருக்கும். நாலைந்து நாள் கழித்துத்தான் உண்மையான சீட்டுகள் விழும்.

எங்கள் டப்பாவில் விழுந்தவை சில: "பரீட்சை பேப்பர மூஞ்சில வீசாதீங்க." "பாத்ரூம் கேட்டா விடணும், அதுவும் அந்த நாள்ல." "அக்கா கூட கம்பேர் பண்ணாதம்மா." "குடிச்சிட்டு வந்து, தூங்கிட்டு இருக்குற எங்கள எழுப்பாதீங்க." "ஏரியா பேரச் சொல்லி கூப்புடாதீங்க, எனக்குப் பேரு இருக்கு." கோணல் மாணலான எழுத்தில் ஒன்று: "அண்ணன் அடிக்கிறான். அவனும் இந்தக் கூட்டத்துல இருக்கான்." இதைப் படித்ததும் சிரித்துச் சிரித்து மாய்ந்து போனார்கள். சிரிப்பு அடங்கியதும், முதல் விதியை நமக்கு நாமே போட்டுக்கொள்ள வேண்டும் என்று எட்டாவது படிக்கிற ஒருத்தி எழுந்து சொன்னாள். பிரச்சாரத்தில் இருக்கிறவர்கள் சின்னவர்கள் மேல் கை வைக்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டினார்கள். நீங்களும் இந்த விதியோடு ஆரம்பிப்பது நல்லது. தெருவில் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்த் தங்கச்சியைக் குட்டினால் தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு முக்கியமான விஷயம். டப்பாவை எல்லோர் முன்னாலும் பிரிப்பதற்கு முன், பொறுப்பான பெரியவர் ஒருவர் தனியாகப் படித்துவிட வேண்டும். பாலியல் தொந்தரவு பற்றி ஒரு சீட்டில் ஒரு வரி இருந்தால்கூட அது பிரச்சாரத்துக்கான விஷயம் இல்லை. அதை எடுத்துத் தனியாக வையுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் இருப்பது குற்றம். பேர் இல்லாத சீட்டு யாருடையது என்று துருவாதீர்கள். யார் வேண்டுமானாலும் என்னிடம் தனியாக வரலாம் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, 1098-ஐக் கூப்பிட்டு அடுத்து என்ன செய்வது என்று கேளுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் அது, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

மற்றச் சீட்டுகளைச் சுவரில் வீடு, பள்ளி, தெரு என்று மூன்றாகப் பிரித்து ஒட்டுங்கள். அப்புறம் ஓட்டு. கை தூக்கச் சொன்னால் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத்தான் தூக்குவார்கள். ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுத்து, சீட்டுக்குக் கீழே வைத்த கொட்டாங்குச்சிகளில் போடச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஹோம்வொர்க்கை ஒழிப்பதும் ஒரு கோரிக்கை. அதற்கும் கொட்டைகள் கொட்டின, மறைக்க வேண்டியதில்லை. கடைசியில் அவர்களாகவே அதை எடுத்துவிட்டார்கள். "இதப் போட்டா மத்ததையும் யாரும் நம்ப மாட்டாங்க" என்று காரணம் சொன்னது ஹோம்வொர்க்கே எழுதாத ஒரு பையன்.

ஓட்டு வாங்கிய சீட்டு இன்னும் கோரிக்கை ஆகிவிடவில்லை. "எங்களை மதிக்கணும்" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்பார்கள், மறுநாள் எதுவும் மாறாது. நாங்கள் ஒரு கேள்வி வைத்துக்கொண்டோம்: நாளைக்குக் காலையில் யார், என்ன செய்தால் இது நடந்ததாக அர்த்தம்? இந்தக் கேள்விக்கு விடை வரும்வரை விடாதீர்கள். "மதிக்கணும்" என்பது இப்படித்தான், "விடைத்தாளை மடித்துக் கையில் கொடுங்கள், மார்க்கைச் சத்தமாகப் படிக்காதீர்கள்" என்று ஆனது. பாத்ரூம் சீட்டு, "வகுப்பு வாசலில் ஒரு அட்டை தொங்கட்டும். அதை எடுத்துக்கொண்டு போய்விட்டு வருவோம், கேட்டு நிற்க வைக்காதீர்கள்" என்று ஆனது. இந்த அட்டை யோசனை எனக்குச் சுத்தமாகத் தோன்றியிருக்காது. தினமும் அந்தக் கதவைப் பார்த்தபடி அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் தோன்றும். நான்கு கோரிக்கைக்கு மேல் வேண்டாம்.

சட்டம் எவ்வளவு தெரிந்தால் போதும்

பிள்ளைகளுக்கு ஒரு சார்ட் அளவுக்குத் தெரிந்தால் போதும். ஆனால் அதில் இருப்பது சரியாக இருக்க வேண்டும், ஏனென்றால் தெருவில் யாராவது ஒரு மாமா மடக்குவார்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 17-ஆம் பிரிவு அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனசைப் புண்படுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. மீறினால் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதானே, ஒன்பதாவது பத்தாவதுக்கு என்ன என்று கேட்பார்கள். தமிழ்நாடு கல்வி விதிகளில் 51-ஆம் விதியை 2003-லேயே திருத்தி, பள்ளியில் பிரம்படியை நிறுத்தியாகிவிட்டது. அடிக்கக் கூடாது என்பதற்கான வழிகாட்டுதல்களைப் பள்ளிகளில் ஒழுங்காக அமல்படுத்தச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் மறுபடியும் அரசுக்கு உத்தரவு போட்டது. அப்படியானால் எழுத்தில் எல்லாம் இருக்கிறது, வகுப்பறைக்குத்தான் வந்து சேரவில்லை. பிள்ளைகள் புதுசாக எதையும் கேட்கவில்லை என்பதே இந்தப் பிரச்சாரத்தின் பலம். "சட்டத்துல இருக்கறதக் குடுங்க" என்பது தைரியமாகக் கேட்கக்கூடிய வாக்கியம்.

"சின்னப் பசங்களுக்கு என்ன கருத்து?" என்பவர்களுக்கு: ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989 நவம்பர் 20-இல் ஏற்கப்பட்டது, இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. தங்களைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லவும் அது காதில் விழவும் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு என்கிறது 12-ஆம் உறுப்பு. கூடுவதற்கும் உரிமை உண்டு என்கிறது 15.

வீட்டு விஷயம் வேறு. வீட்டில் அடிப்பதை மொத்தமாகத் தடுக்கும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. பெருங்கொடுமை என்றால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் ரிமோட்டை ஒளித்துவைத்ததற்காக அம்மா போட்ட ஒரு அடிக்கு அதைக் காட்டிக்கொண்டு போக முடியாது, போகவும் கூடாது. வீட்டைப் பொறுத்தவரை பிள்ளைகள் மனசை மாற்றத்தான் பேச வேண்டும். ஸ்வீடன் 1979-இல் வீட்டில் அடிப்பதையும் சேர்த்துத் தடை செய்தது, உலகத்திலேயே முதல் நாடு. அதைச் சாப்பாட்டு மேஜைவரை கொண்டுபோக, பால் அட்டைப் பெட்டிகளில் அச்சடித்தார்கள். இதைச் சொன்னதுதான் தாமதம், "அப்போ ஆவின் பாக்கெட்ல போடச் சொல்லலாமே" என்றான் ஏழாவது பையன். மனுவில் சேர்த்துவிட்டோம். நல்ல யோசனைதானே?

பழைய கதைகளையும் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அவை பிடிக்கும். 1669-லேயே லண்டனில் பள்ளிப் பிள்ளைகளின் பெயரால் பிரம்படிக்கு எதிராக நாடாளுமன்றத்துக்கு மனு போயிருக்கிறது. 1911 செப்டம்பரில் வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில் பையன்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். சில நாட்களில் அது பிரிட்டன் முழுக்கப் பல ஊர்களுக்குப் பரவியது. பிரம்பு வேண்டாம், ஹோம்வொர்க் வேண்டாம் என்று கேட்டார்கள். (இங்கே எங்கள் கூட்டத்தில் விசில் பறந்தது.) அந்த நாட்டு அரசுப் பள்ளிகளில் பிரம்பை ஒழிக்கும் சட்டம் வந்தது 1986-இல். இவ்வளவு நாளா என்று முகம் தொங்கிவிடும், அதனால் உடனே பக்கத்து மாநிலக் கதைக்கு வந்துவிடுங்கள்: கர்நாடகத்தில் வேலைக்குப் போகிற பிள்ளைகள் 1990-இல் பீமா சங்கம் என்று தங்களுக்கென்று ஒரு சங்கமே வைத்தார்கள்.

அம்மா அப்பாவிடம் போவது

பள்ளிக்கு முன் வீடு. இந்த வரிசை மாறக் கூடாது. "கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிடுங்க சார்" என்று பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிற ஊர் இது. அந்த அப்பாவுக்குத் தெரியாமல் அவர் மகள் தெருவில் நின்று "அடிக்காதீங்க" என்று கத்தினால், அன்று ராத்திரி அவளுக்கு என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கூட்டத்தை ஞாயிறு சாயங்காலம் 4 மணிக்கு மேல் வையுங்கள். லோடு ஏற்றுகிறவர்கள், ஹவுஸ்கீப்பிங் போகிறவர்கள், காசிமேட்டுக்கு மீன் எடுக்க விடியற்காலையில் போகிறவர்கள் எல்லோரும் அப்போதுதான் கொஞ்சம் உட்காருவார்கள். முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்று ஒரு பாட்டி கட்டாயம் சொல்வார். வாதம் பண்ணாதீர்கள். "உங்கள யாரு அடிச்சாங்க பாட்டி, எதுக்கு?" என்று கேளுங்கள். எங்கள் கூட்டத்தில் இந்தக் கேள்விக்கு அப்புறம் அரை மணி நேரம் பெரியவர்களே பேசினார்கள். வகுப்பில் முட்டி போட்டது, வாத்தியார் பேரைக்கூட மறக்காமல் வைத்திருந்தது, அதோடு படிப்பையே விட்டது. சீட்டுகளை அதற்குப் பிறகுதான் படித்தோம்.

அம்மாக்களின் பெரிய பயம் ஒன்றுதான்: டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால்? எட்டாவது முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்ற முடியாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்வதைப் படித்துக் காட்டுங்கள். ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகளுக்கு இந்தப் பாதுகாப்பு அப்படியே இல்லை. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, அவர்களைப் பேசும் வேலையில் விடாமல் பாட்டு, சார்ட் வேலைகளில் விடுங்கள்.

சம்மதக் கடிதத்தில் பெற்றோர் கையெழுத்து வாங்குங்கள். அதே தாளில் பிள்ளையும் கையெழுத்துப் போட வேண்டும், "எப்ப வேணும்னாலும் நான் விலகிக்கலாம்" என்ற வரியோடு. அந்த வரி சும்மா இல்லை. நிகழ்ச்சி அன்று காலையில் ஒருத்தி வயிறு வலிக்கிறது என்றால் ஏன் என்று கேட்காதீர்கள்.

ஆசிரியர்களை எதிரி ஆக்காமல்

சில பேருக்கு இது பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். வகுப்பில் அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கையில் போனோடு எமிஸ் என்கிற ஆன்லைன் விவரப் பதிவும் போட்டுக்கொண்டிருக்கிற டீச்சருக்குக் கோபம் வருவதில் ஆச்சரியம் இல்லை. கோபம் வந்ததற்காக அவர் அடிக்கலாம் என்று ஆகாது. ஆனால் அட்டையில் அவர் பேரை எழுதிப் பிடிக்கிற பிரச்சாரம், மறுநாள் அவர் வகுப்பில் உட்காரப் போகிற பிள்ளையைத்தான் பலி வாங்கும். எனவே பேர் கிடையாது, பள்ளிப் பேரும் கிடையாது. பேர் சொல்லிச் சொல்ல வேண்டிய புகார் இருந்தால் அதற்கு வேறு வழி இருக்கிறது: தலைமை ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு, பள்ளியில் இருக்கும் 'மாணவர் மனசு' புகார்ப் பெட்டி, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. அந்தப் புகாரைப் பெரியவர்கள் எழுத வேண்டும், பிள்ளை எழுதி மாட்டிக்கொள்ளக் கூடாது.

பள்ளி மேலாண்மைக் குழுவை லேசாக எண்ணாதீர்கள். சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உங்கள் படிப்பகத்துப் பிள்ளையின் அம்மா ஒருத்தர் அதில் உறுப்பினராக இருக்கக்கூடும், அவருக்கே அது ஞாபகம் இல்லாமலும் இருக்கலாம். தேடிப் பாருங்கள். தெருவில் இறங்குவதற்கு முன் கோரிக்கைகளை அந்தக் குழுவில் வைத்துவிட்டால், "எங்க கிட்ட சொல்லவே இல்லையே" என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

இடம், நாள், அனுமதி

எல்லோரும் முதலில் சொல்கிற பேர் மெரினா. மறந்துவிடுங்கள், அங்கே போராட்டத்துக்கு அனுமதி கிடைக்காது. அடுத்து பெசன்ட் நகர் பீச், ஞாயிறு காலை. படம் அழகாக வரும். ஆனால் வியாசர்பாடிப் பிள்ளையை யாரும் அந்த பீச்சில் நடைப்பயிற்சி போகும்போது அடிப்பதில்லையே. கேட்க வேண்டியவர்கள் இருக்கிற இடத்தில்தான் நிற்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் ரேஷன் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் தெருமுனையைத் தேர்ந்தெடுத்தார்கள். வரிசையில் நிற்கிறவர்களுக்கு வேறு வேலை இல்லை, கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

நாள் விஷயத்தில் சென்னைக்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. குழந்தைகள் தினம் நவம்பர் 14, உலகக் குழந்தைகள் நாள் நவம்பர் 20, மனித உரிமை நாள் டிசம்பர் 10. மூன்றும் வடகிழக்குப் பருவமழையில் வருகின்றன. சார்ட் பேப்பர் கரைந்து சாயம் கையில் வழியும், முழங்கால் தண்ணீரில் யாரும் நின்று கேட்க மாட்டார்கள். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச்சில் பொதுத் தேர்வு. மே மாதம் வெயில். மிச்சம் இருப்பது ஜூலை, ஆகஸ்ட், பொங்கல் கழிந்த ஜனவரி. சனி அல்லது ஞாயிறு, சாயங்காலம் 5 மணி. பள்ளி நேரத்தில் வேண்டவே வேண்டாம். கிளாஸை கட் அடித்துவிட்டு வந்தார்கள் என்ற ஒரு பேச்சு போதும், கோரிக்கை அடிபட்டுப் போகும்.

அனுமதி: சென்னை மாநகரக் காவல் சட்டம் 1888-இன் 41-ஆம் பிரிவின் கீழ், கூட்டம், ஊர்வலம், மனிதச் சங்கிலி எதற்கும் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். குறைந்தது 5 நாள் முன்னால் என்பார்கள், நீங்கள் இரண்டு வாரம் முன்பே கொடுங்கள். ஏரியா இன்ஸ்பெக்டரை நேரில் பார்த்து, வேப்பேரி ஆணையர் அலுவலகத்துக்கும் மனு கொடுங்கள். யார் நடத்துகிறார்கள், எந்த இடம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பிள்ளைகள், கூட எத்தனை பெரியவர்கள், மைக் உண்டா என்று தெளிவாக எழுதுங்கள். கையெழுத்து பெரியவர்களுடையது. பிள்ளைகள் பேர்ப் பட்டியலைக் கொடுக்காதீர்கள். பெரிய ஆர்ப்பாட்டம் என்றால் வள்ளுவர் கோட்டம், எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம் பக்கம் என்று அனுப்புவார்கள். தெருமுனைப் பாட்டுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். தெருவில் மறுத்தால் ஒரு சமூகக் கூடத்தையோ வீட்டு மொட்டை மாடியையோ பிடியுங்கள், கேட்க வேண்டியவர்களை அங்கே கூப்பிடுங்கள்.

விஷயம் கசிந்ததும் ஏதாவது ஒரு கட்சியின் வட்டக் கிளையிலிருந்து ஒருவர் வருவார். ஷாமியானா போட்டுத் தருகிறேன், ஜூஸ் தருகிறேன், ஒரு பிளெக்ஸ் மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்பார். கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். தேர்தல் சமயமாக இருந்தால் இன்னும் உஷார். கட்சிப் பிரச்சாரத்தில் பிள்ளைகளை எந்த விதத்திலும் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2024 பிப்ரவரியில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. பின்னால் ஒரு கொடி தெரிந்தாலே நீங்கள் அதில் மாட்டுவீர்கள். தேர்தல் அறிவித்துவிட்டால் தேதியைத் தள்ளிவையுங்கள்.

செலவு பெரிதாக இல்லை. சார்ட், மார்க்கர் எல்லாம் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் மொத்தமாக வாங்கினால் மலிவு. அச்சடித்த பேனர் வேண்டாம். பிள்ளை எழுதிய கோணல் எழுத்தைத்தான் ஜனங்கள் நின்று படிக்கிறார்கள்.

பாட்டு, பேச்சு, கேமரா

நம் பக்கத்தில் கானா இருக்கும்போது கோஷம் எதற்கு? எங்கள் பையன்கள் கட்டியது:

"பெஞ்சு மேல ஏத்தாத, ஏரியா பேர வெச்சுக் கூப்புடாத,
பேப்பரக் கையில குடு, மூஞ்சில வீசாத."

இதில் ஒரு சண்டை வந்தது. மரியாதை கேட்கப் போகிறோம், "வீசாதீங்க" என்றுதான் பாட வேண்டும் என்றாள் ஒன்பதாவது படிக்கிறவள். தாளம் இடிக்கும் என்றான் டோலக் அடிக்கிறவன். இரண்டு நாள் படிப்பகத்தில் பாடம் நடக்கவில்லை. கடைசியில் டோலக்கை நிறுத்தி, பானையை எடுத்து, தாளத்தையே இழுத்து "வீசாதீங்க"வுக்கு இடம் பண்ணினார்கள். நான் தலையிட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடித்திருப்பேன், அந்தப் பாட்டும் என் பாட்டாகிவிட்டிருக்கும். அட்டைகளில் ரேஷன் வரிசையில் அதிகம் பேசப்பட்டது ஒரு சின்னப் பெண் எழுதியது: "கத்தாம சொன்னாலும் காது கேக்கும்."

பேச்சில் ஒரே கட்டுப்பாடு: மேடையில் யாரும் தன் சொந்தக் கதையைச் சொல்லக் கூடாது. "என்னை எங்கப்பா இப்படி அடித்தார்" என்று ஒரு பிள்ளை அழுதால் கூட்டம் உச்சுக் கொட்டும், வீடியோ நாலு தெருவுக்கு ஓடும், பிள்ளை வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். "எங்களில் சில பேருக்கு" என்றே பேசப் பழக்குங்கள். சீட்டுகளை ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிப்பது இன்னும் நல்லது, எது யாருடையது என்று தெரியாது.

யூடியூப் சேனல்காரர்கள் மைக்கை நீட்டி முதலில் கேட்பது "உன்ன யார் அடிச்சா பாப்பா, தழும்பு இருக்கா?" என்பதாகத்தான் இருக்கும். இதற்கு ஒத்திகை பாருங்கள். நானே செய்தியாளராக நடித்து, கெஞ்சி, மிரட்டி, சாக்லேட் காட்டிக் கேட்டேன். பதில் ஒன்றுதான்: "அது வேணாம்ண்ணா, எங்களுக்கு என்ன வேணும்னு சொல்றேன், எழுதிக்கோங்க." இரண்டு பெரியவர்கள் கேமராவுக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். முகம் தெரியும் படங்களை நீங்களும் போடாதீர்கள், பெற்றோர் குரூப்பில்கூட. வழக்கில் சம்பந்தப்பட்ட அல்லது பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படியே குற்றம். அப்படி ஒரு பிள்ளை உங்கள் கூட்டத்தில் இருப்பது உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். அட்டைகளைப் படம் எடுக்கட்டும், பானையில் தாளம் போடும் கைகளை எடுக்கட்டும்.

மற்றவை சின்ன விஷயம்: தண்ணீர், பிஸ்கட், பக்கத்தில் பெண் பிள்ளைகள் போக ஒரு வீட்டின் பாத்ரூம் (பாத்ரூம் கேட்டுப் பிரச்சாரம் செய்கிறவர்களை அடக்கவைக்காதீர்கள்), வந்தவர் பட்டியல், முடிந்ததும் ஒவ்வொருவரையும் வீட்டு வாசல்வரை விடுவது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

மறுநாள் காலை

பலர் நிகழ்ச்சியோடு சோர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். நம் வேலையில் கஷ்டமான பகுதி அதற்கு அப்புறம்தான். திங்கட்கிழமை வகுப்பில் "வாங்க தலைவரே" என்று ஒரு நக்கல் வரும். எங்கள் பிள்ளைகள் சிலருக்கு வந்தது. அடி இல்லை, ஆனால் மூன்று நாளாக யாரும் அவர்களைக் கேள்வி கேட்கவில்லை, நோட்டுத் திருத்தவில்லை. இதையும் எழுதி வையுங்கள். இரண்டு வாரத்துக்குத் தினமும் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக ஒரு நிமிஷம் விசாரியுங்கள், கூட்டமாகக் கேட்டால் "ஒன்னுமில்லக்கா" என்றுதான் சொல்வார்கள். தேதி, என்ன நடந்தது, யார் இருந்தார்கள் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். நக்கல் தொடர்ந்தால், சட்டம் சொல்லும் மனத் துன்புறுத்தலில் அதுவும் அடக்கம் என்று எழுதித் தலைமை ஆசிரியரிடம் இரண்டு அம்மாக்களோடு போங்கள். நாங்கள் போனோம், நின்றது. நிற்காவிட்டால் 14417, அதற்கும் மேலே மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம்.

மனுவைத் தெருவில் படித்ததோடு விட்டுவிடாதீர்கள். முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒன்று, மாநகராட்சிப் பள்ளி என்றால் மாநகராட்சியின் கல்வி அலுவலருக்கு ஒன்று, ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஒன்று. திங்கட்கிழமை பள்ளி இருக்கும், அதனால் பெரியவர்கள் போய்க் கொடுங்கள். "இந்தத் தேதிக்குள் பதில் சொல்லுங்கள்" என்று மனுவிலேயே கேளுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள், மனுவின் ஜெராக்ஸில் சீல் போட்டு வாங்குங்கள்.

கிடைத்ததைப் பிள்ளைகளிடம் அப்படியே சொல்லுங்கள். எங்கள் நான்கில் பாத்ரூம் அட்டை வந்துவிட்டது, ஒரு பழைய காலண்டர் அட்டையில் ஓட்டை போட்டுச் சணல் கட்டி மாட்டியிருக்கிறார்கள். விடைத்தாள் விஷயத்தில் சில டீச்சர்கள் மாறினார்கள், சிலர் மாறவில்லை. ஏரியா பேர் விஷயம் அப்படியே இருக்கிறது. ஆவினிடமிருந்து இன்னும் பதில் இல்லை. மனு கொடுத்து ஒரு மாதம் ஆகியும் பதில் வராத ஒவ்வொரு அலுவலகத்துக்கும், மனு எண்ணைக் குறிப்பிட்டு, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வெள்ளைத் தாள் போதும், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பெரியவர் ஒருவர் கையெழுத்துப் போட்டு, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதில் தர அவர்களுக்கு 30 நாள். எங்களுடையது போன வாரம் போயிருக்கிறது. தபால் ரசீதைப் பானைக்காரன் வாங்கி பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறான்.